டூயல் எனர்ஜி சிடி ஸ்கேன்: சாதாரண சிடியில் தெரியாத எதை இது காட்டும்? யாருக்குத் தேவை?

சிடி ஸ்கேன் எடுத்தாச்சு. கிட்னியில் கல் இருப்பதும் தெரிஞ்சாச்சு. ஆனா அது என்ன கல்?

சிகிச்சை இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தே மாறும். யூரிக் ஆசிட் கல் என்றால், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்திலேயே கரைய வாய்ப்பு உண்டு. கால்சியம் கல் அப்படிக் கரையாது. சாதாரண சிடியில் இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்வது கஷ்டம். அந்த இடத்தில்தான் டூயல் எனர்ஜி சிடி உதவுகிறது.

எப்படி வேலை செய்கிறது?

சாதாரண சிடி, எக்ஸ்ரே கதிர்களை ஒரே மின்னழுத்தத்தில், பெரும்பாலும் 120 கிலோவோல்ட்டில் செலுத்தும். உடலுக்குள் எது எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்பதுதான் படமாகத் தெரியும். இரண்டு வேறு பொருட்கள் ஒரே அளவு தடுத்தால், படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

டூயல் எனர்ஜியில், உதாரணமாக 80, 140 கிலோவோல்ட் என இரண்டு அளவுகளில் கதிர் செல்லும். கால்சியம், அயோடின் போன்றவை குறைந்த எனர்ஜி கதிரை மிக அதிகமாக உறிஞ்சும். யூரிக் ஆசிட்டில் இந்த வித்தியாசம் குறைவு. இதை வைத்து கம்ப்யூட்டர் ஒவ்வொரு பொருளுக்கும் தனி நிறம் கொடுத்துவிடும்.

யோசனை புதுசு இல்லை. சிடி ஸ்கேனை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், 1973-லேயே இரண்டு மின்னழுத்தங்களில் படமெடுப்பது பற்றி எழுதியிருக்கிறார்.

எதற்கெல்லாம் பயன்படுகிறது?

• கவுட்: மூட்டில் படிந்திருக்கும் யூரேட் படிகங்களை நிறம் பிரித்துக் காட்டும். 2015-ல் வெளியான சர்வதேச கவுட் வகைப்பாட்டு விதிகளிலும் இந்த ஸ்கேனுக்கு இடம் உண்டு.

• பக்கவாதம்: மூளையில் அடைப்பை நீக்கிய பிறகு தெரியும் வெள்ளைத் திட்டு ரத்தக்கசிவா, செலுத்திய கான்ட்ராஸ்ட் மருந்தா எனப் பிரித்தறிய உதவும்.

• நுரையீரலில் ரத்தக்கட்டி: எந்தப் பகுதிக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்பதைக் காட்டும்.

• எலும்பு: மெல்லிய முறிவைச் சுற்றிய மஜ்ஜை வீக்கத்தைக் காட்டும். பேஸ்மேக்கர் போன்ற காரணங்களால் எம்ஆர்ஐ எடுக்க முடியாதவர்களுக்கு இது ஒரு மாற்று.

இரண்டு எனர்ஜி என்றால் இரண்டு மடங்கு கதிர்வீச்சா?

இல்லை. நவீன கருவிகள் கதிரின் அளவை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்வதால், மொத்த அளவு பெரும்பாலும் சாதாரண சிடிக்கு நெருக்கமாகவே இருக்கும். கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுத்த படத்திலிருந்தே, கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தைக் கம்ப்யூட்டர் உருவாக்கித் தரும். இதனால் சிலருக்கு ஒரு ஸ்கேன் மிச்சமாகும். ஆனாலும் கதிர்வீச்சு கதிர்வீச்சுதான். கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

எங்கே சறுக்குகிறது?

• மிகச் சிறிய கற்களின் வகையைச் சொல்வதில் தவறு வரலாம்.

• கவுட் ஆரம்பித்த புதிதில் படிகங்கள் குறைவாக இருப்பதால், ஸ்கேன் நார்மல் என்றே வரலாம். மாறாக நகம், தடித்த தோல் போன்ற இடங்களில், கவுட் இல்லாதபோதும் நிறம் தெரியும்.

• உடல் பருமன் அதிகமாக இருந்தால் குறைந்த எனர்ஜி படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

• சில கருவிகளில் இரண்டு படங்களும் அடுத்தடுத்து எடுக்கப்படும். இடையில் நோயாளி அசைந்தால் கணக்கு தப்பும்.

• கம்ப்யூட்டர் உருவாக்கும் 'கான்ட்ராஸ்ட் இல்லாத' படத்தில், சின்ன கால்சியம் துகள்களும் சேர்ந்து அழிந்துபோகலாம்.

எனவே நிறம் வந்துவிட்டாலே நோய் உறுதி என்று அர்த்தம் இல்லை. ரத்தப் பரிசோதனை, அறிகுறிகள், தேவைப்பட்டால் மூட்டு நீர்ப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

அப்போ, யாருக்குத் தேவை?

டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "இந்த ரிப்போர்ட் வந்தா என் ட்ரீட்மென்ட் மாறுமா?" மாறும் என்றால் எடுப்பதில் அர்த்தம் உண்டு. உதாரணத்துக்கு, கல் சிறுநீரை அடைத்து, காய்ச்சலும் இருந்தால் அடைப்பை உடனே நீக்குவதுதான் முக்கியம். அந்த நேரத்தில் அது என்ன கல் என்று ஆராய்வதற்காகக் காத்திருக்கக் கூடாது.