ஒரே வருஷத்தில் 17 இடம் தாவிய சட்டக் கல்லூரி: தரவரிசை ஏன் மாறுகிறது, எவ்வளவு நம்பலாம்?

2022-ல் 46-வது இடம். 2023-ல் 29-வது இடம். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி, 'யூ.எஸ். நியூஸ் அண்ட் வேர்ல்டு ரிப்போர்ட்' தரவரிசையில் ஒரே வருஷத்தில் தாவிய தூரம் இது. அதே பட்டியலில் டியூக் 11-லிருந்து 5-க்கு ஏறியது. புகழ்பெற்ற கொலம்பியா 4-லிருந்து 8-க்கு இறங்கியது.

அந்தப் பன்னிரண்டு மாதத்தில் டியூக்கில் பாடம் நடத்துகிறவர்கள் திடீரென்று மேதைகள் ஆகிவிட்டார்களா? கொலம்பியாவில் நூலகத்தைப் பூட்டிவிட்டார்களா? இரண்டும் இல்லை. அந்த வருஷம் பெரிதாக மாறியது கல்லூரிகள் அல்ல, அவற்றை அளந்த அளவுகோல்.

பட்டியல் எப்படித் தயாராகிறது?

யூ.எஸ். நியூஸ் முதன்முதலில் சட்டக் கல்லூரிகளை வரிசைப்படுத்தியது 1987-ல். 1990 முதல் ஆண்டுதோறும் பட்டியல் வருகிறது. அங்கே அமெரிக்க பார் அசோசியேஷனின் அங்கீகாரம் பெற்ற சட்டக் கல்லூரிகள் 190-க்கும் மேல். அத்தனையையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மொத்த மார்க் தேவை. நுழைவுத் தேர்வு மதிப்பெண், வேலைவாய்ப்பு, பார் தேர்வில் தேர்ச்சி, பிற கல்லூரிக்காரர்களும் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் சொல்லும் அபிப்பிராயம் என்று பல விஷயங்களைச் சேர்த்து அந்த மார்க் போடப்படுகிறது.

எதற்கு எத்தனை சதவீதம் என்று முடிவு செய்வது அந்தப் பத்திரிகைதான். சமையலுக்கு உப்பு எவ்வளவு என்பது சமைப்பவர் கை அளவு என்பது போல. ஆனால் அந்தக் கை அளவை நம்பித்தான் ஆயிரக்கணக்கான மாணவர்கள் லட்சக்கணக்கான டாலர் கடன் வாங்குகிறார்கள்.

2022 நவம்பரில் என்ன ஆச்சு?

1990-லிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் முதலிடத்தில் இருந்தது யேல். அந்த யேல்தான் 2022 நவம்பர் 16 அன்று, 'இனி இந்தப் பட்டியலுக்கு விவரம் தர மாட்டோம்' என்று அறிவித்தது. கடைசி இடத்தில் இருப்பவர் விலகினால் 'எட்டாத பழம் புளிக்கும்' என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். முதலிடக்காரரே எழுந்து போனபோது யாராலும் சிரிக்க முடியவில்லை. அன்றைக்கே ஹார்வர்டும் விலகியது. பெர்க்லி, கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு என்று அடுத்தடுத்துப் பல கல்லூரிகள் பின்தொடர்ந்தன.

யேல் சட்டக் கல்லூரியின் அப்போதைய டீன் ஹெதர் கெர்கன் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, ஏழைகளுக்காக வாதாடும் பொதுநலப் பணிக்குப் போகும் பட்டதாரிகளுக்குக் கல்லூரியே உதவித்தொகை தந்து அனுப்புகிறது. தரவரிசைக் கணக்கு அவர்களை முழுமையாக வேலை பெற்றவர்களாக ஏற்கவில்லை. இரண்டு, நுழைவுத் தேர்வு மார்க்குக்கு அதிக எடை இருப்பதால், கல்லூரிகள் வசதியில்லாத மாணவருக்குத் தர வேண்டிய உதவித்தொகையை அதிக மார்க் எடுத்தவரை இழுக்கச் செலவிடுகின்றன.

தகராறு கௌரவத்தைப் பற்றியது மட்டும் இல்லை என்பது இதில் தெரிகிறது. யாருக்கு உதவித்தொகை, எந்த வேலைக்கு மதிப்பு என்பதையும் ஒரு பத்திரிகையின் சூத்திரம் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

கணக்கு எப்படி மாறியது?

பத்திரிகை பணிந்தும் போகவில்லை, பட்டியலை நிறுத்தவும் இல்லை. கல்லூரிகள் பார் அசோசியேஷன் விதிப்படி எப்படியும் வெளியிட்டாக வேண்டிய விவரங்களை வைத்தே எல்லோரையும் வரிசைப்படுத்தியது. விலகிய கல்லூரிகளும் பட்டியலில் இருந்தன. ஆனால் எடைகள் தலைகீழாகின.

வேலைவாய்ப்புக்கு 14 சதவீதமாக இருந்த எடை 33 ஆனது. பார் தேர்வில் முதல் முயற்சித் தேர்ச்சிக்கு 18 சதவீதம் கிடைத்தது. நுழைவுத் தேர்வு மார்க்கின் எடை 11.25-லிருந்து 5 ஆனது. பிற கல்லூரிக்காரர்களின் அபிப்பிராயத்துக்கு இருந்த 25 சதவீதம் சரிபாதியானது. ஒரு மாணவருக்குக் கல்லூரி எவ்வளவு செலவழிக்கிறது என்ற அம்சம் நீக்கப்பட்டது. கல்லூரி நிதியில் பொதுநலப் பணிக்குப் போனவர்களும் மேற்படிப்புக்குப் போனவர்களும் முழுக் கணக்கில் சேர்ந்தார்கள்.

2023 ஏப்ரலில் வர வேண்டிய பட்டியல், விவரங்களில் கல்லூரிகள் ஆட்சேபம் எழுப்பியதால் தள்ளிப்போய் மே 11 அன்று வெளியானது. ஸ்டான்ஃபோர்டு யேலுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. பெயரை வைத்து மார்க் வாங்கியவர்களுக்குச் சறுக்கல், பட்டதாரிகளுக்கு வேலை வாங்கித் தந்தவர்களுக்கு ஏற்றம்.

அளவுகோல் மாறாவிட்டாலும் ரேங்க் ஆடுவது ஏன்?

இது சின்னக் கணக்குதான். ஒரு கல்லூரியில் ஒரு வருஷம் 150 பேர் பட்டம் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்ற வருஷத்தைவிட ஆறு பேருக்குக் கூடுதலாக வேலை கிடைக்கவில்லை. வேலைவாய்ப்பு விகிதம் அப்படியே 4 புள்ளி சரிந்துவிடும். அந்த ஆறு பேரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம், இன்னொருவர் குழந்தை பெற்றிருக்கலாம். சூத்திரத்துக்கு அது தெரியாது.

பட்டியலின் நடுப்பகுதியில் கல்லூரிகள் மார்க்கில் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. கட்-ஆஃபில் அரை மார்க்கில் நூறு பேர் நிற்பதை நம்மூர்ப் பெற்றோர் பார்த்திருக்கிறார்கள், இல்லையா? அதே கதைதான். அரைப் புள்ளி குறைந்தால் பத்து இடம் இறங்கலாம். இந்த ஆட்டத்தைக் குறைக்கத்தான் 2024 பட்டியலிலிருந்து வேலைவாய்ப்பு, பார் தேர்வு விவரங்களை இரண்டு வருஷச் சராசரியாக எடுத்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. எதை அளக்கிறார்களோ அதை மட்டும் வளர்ப்பது. முதலாண்டில் சேர்கிறவர்களின் மார்க்தான் கணக்கில் வரும் என்றால், முதலாண்டு இடங்களைக் குறைத்துவிட்டு இரண்டாம் ஆண்டில் வேறு கல்லூரியிலிருந்து ஆள் சேர்த்துக்கொள்வது ஒரு வழி. இது விதிக்கு உட்பட்டது. விதியை மீறியவர்களும் இருந்தார்கள். நுழைவு மதிப்பெண்களைக் கூட்டிக் காட்டியது 2011-ல் வில்லனோவா, இல்லினாய் ஆகிய இரண்டு சட்டக் கல்லூரிகளில் அம்பலமானது. இல்லினாய்க்குப் பார் அசோசியேஷன் 2,50,000 டாலர் அபராதம் போட்டது.

அப்படியானால் ரேங்குக்கு மதிப்பே இல்லையா?

அப்படிச் சொன்னால் அது பொய். உச்சியில் இருப்பவர்களுக்கு ரேங்க் கதவைத் திறக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஹார்வர்டு அல்லது யேலில் சட்டம் படித்தவர்கள். முதலாண்டிலேயே 2,25,000 டாலர் சம்பளம் தரும் பெரிய நிறுவனங்கள் ஆள் தேடிப் போவதும் முக்கியமாக இந்த வட்டாரத்துக்குத்தான்.

ஆனால் 60-வது இடத்துக்கும் 75-வது இடத்துக்கும் அந்த அளவு வித்தியாசம் கிடையாது. அங்கே ஒரு மாணவர் கேட்க வேண்டியது வேறு. எந்த ஊரில் வேலை செய்யப்போகிறோம்? அந்த மாநில பார் தேர்வில் இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை பேர் தேறுகிறார்கள்? படித்து முடிக்கும்போது தலையில் எவ்வளவு கடன் இருக்கும்? கூடுதல் கடன் வாங்கிக்கொண்டு பத்து இடம் மேலே போகிறவர், படித்து முடிப்பதற்குள் அந்தக் கல்லூரி பத்து இடம் கீழே வந்துவிட்டால் என்ன செய்வார்? ரேங்க் வருஷா வருஷம் மாறும். கடன் மாறாது.

நம்மூர்ப் பட்டியலைப் பார்க்கும்போது

இந்தியாவில் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் சட்டப் பிரிவு 2018-ல் சேர்ந்தது. அன்று முதல் 2025 வரை முதலிடம் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளிக்குத்தான். உச்சி அசையவில்லை, நடுவில் இருப்பவைதான் ஏறி இறங்குகின்றன. இங்கேயும் பெரும்பாலான விவரங்களைத் தருவது கல்லூரிகளேதான். அவை சரிபார்க்கப்படுகின்றனவா என்ற கேள்வி 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய், பட்டியலுக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. பிறகு தடை விலகி, செப்டம்பரில் பட்டியல் வெளியானது.

யேல் எழுப்பிய கேள்வி இங்கும் பொருந்தும். என்.ஐ.ஆர்.எஃப்.புக்குக் கல்லூரிகள் தரும் விவரங்களில், வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளமும் உண்டு. கார்ப்பரேட் நிறுவனத்தில் சேர்கிறவருக்கு அந்த எண் பொருந்தும். மாவட்ட நீதிமன்றத்தில் சீனியரிடம் ஜூனியராகச் சேர்கிறவருக்குச் சம்பளம் என்ற ஒன்றே முறையாக இருப்பதில்லை. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தரப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2024-ல் சொல்ல வேண்டியிருந்தது. சாதாரண மனிதர்களுக்காக நீதிமன்றப் படியேறும் வழக்கறிஞரை உருவாக்கும் கல்லூரி, சம்பளத்தை அளக்கும் கணக்கில் சோப்ளாங்கியாகத் தெரியும். அது கல்லூரியின் குறை அல்ல, கணக்கின் குறை.

பட்டியலே வேண்டாம் என்பது தீர்வாகாது. முதல் தலைமுறையாகச் சட்டம் படிக்க வரும் பிள்ளைக்கு விசாரிக்க ஆள் இல்லை; அந்த வீட்டுக்குப் பட்டியல் ஒரு தொடக்கம். ஆனால் அந்த வீட்டுக்குத் தேவையான விவரம் ரேங்க் அல்ல. எத்தனை ஆசிரியர்கள் நிரந்தரமாக இருக்கிறார்கள், படித்தவர்கள் ஐந்து வருஷம் கழித்து என்ன செய்கிறார்கள், எத்தனை பேர் வழக்காடுகிறார்கள் என்பதைக் கல்லூரி வாரியாக, தணிக்கை செய்து, தமிழிலும் வெளியிட வேண்டும். அமெரிக்கச் சண்டையில் மாணவருக்குக் கிடைத்த லாபமும் இதுதான்: பெயருக்கு விழுந்த மார்க் குறைந்து, பொதுவில் இருக்கும் விவரத்துக்கு மார்க் கூடியது. அந்த விவரத்தை இங்கேயும் கேட்டுப் பெறுவதுதான் அடுத்த வேலை.