ஓட்டல் மேல் கப்பல்; லாரி மேல் தொழிலாளி!

சிங்கப்பூரில் கடலோரத்தில் மரீனா பே சாண்ட்ஸ் என்று ஓர் ஓட்டல். 2010ல் திறந்தார்கள். 55 மாடிக் கோபுரங்கள் மூன்று. மூன்றின் தலைமீதும் குறுக்கே 340 மீட்டர் நீளத்துக்குக் கப்பல் போல ஒரு மேடை. அதிலே தோட்டம், 150 மீட்டர் நீச்சல் குளம். நிலத்தையும் சேர்த்துச் செலவு சுமார் 800 கோடி சிங்கப்பூர் டாலர்!

பார்த்தவர்களிடையே ஓயாத வாதம். "கப்பலேதான்" என்கிறார் ஒருவர். "இல்லை, கடல் அலையில் சறுக்குகிற பலகை" என்கிறார் மற்றவர். அழகு என்று ஒரு கட்சி. அவலட்சணம் என்று ஒரு கட்சி. கட்டட நிபுணர் மோஷே சாஃப்டி சீட்டுக்கட்டைப் பார்த்துத்தான் கோபுரங்களுக்கு உருவம் கொடுத்தாராம். பொருத்தம்தான்! ஓட்டலின் சொந்தக்காரர், லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் என்ற அமெரிக்கச் சூதாட்டக் கம்பெனி.

கட்டடம் அழகாகவே இருக்கட்டும். நமக்கு ஆட்சேபம் இல்லை. சாய்ந்து எழும் கோபுரத்தைக் கீழே விழாமல் நிறுத்தியது மனித உழைப்பின் வெற்றி. அதை நாம் போற்றுகிறோம். ஆனால் உருவத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற கனவான்கள், உழைத்தவனைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

சிங்கப்பூரின் கட்டட வேலை நடப்பது வெளிநாட்டுத் தொழிலாளர்களின் தோள் மீது. தமிழ்நாட்டான், வங்கதேசத்தான், சீனத்தான் என்று பல நாட்டவர். நம் விவசாயக் கூலியின் மகன் வட்டிக்குக் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறான். அவனுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அங்கே கிடையாது. சாமான் ஏற்றுகிற லாரியின் பின்புறத்தில் அவனை ஏற்றிச் செல்வது இன்றும் நடக்கிறது. இரவில் ஒரே அறையில் பலர், அடுக்குக் கட்டில்கள்.

2020ல் கொரோனா வந்தது. விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 தொழிலாளரில் 100க்கு 47 பேரை அந்த ஆண்டு முடிவதற்குள் அது பிடித்துக்கொண்டது. இது நம் கணக்கல்ல. அந்த அரசாங்கமே வெளியிட்ட கணக்கு. நோய் தீர்ந்தவர்களில் ஒரு பகுதியினரை அப்போது உல்லாசக் கப்பல்களில் தங்க வைத்தார்கள். பணக்காரனுக்கு ஓட்டல் மேலேயே கப்பல். தொழிலாளிக்குக் கப்பலில் இடம் கிடைக்கக் கொள்ளைநோய் வரவேண்டியிருந்தது!

"ஊரில் கிடைக்காத சம்பளம் அங்கே கிடைக்கிறதே, பிறகு என்ன குறை?" என்று சிலர் கேட்கிறார்கள். ஊரில் ஏன் கிடைக்கவில்லை? நிலம் மிராசுதாரரிடம், ஆலை முதலாளியிடம். பசி விரட்டி ஓடியவனைப் பார்த்து, "நீ விரும்பித்தானே போனாய்" என்பது நியாயமா?

ஏஜெண்டுக் கொள்ளை ஒழிய வேண்டும். லாரியில் ஆள் ஏற்றுவது நிற்க வேண்டும். குறைந்தபட்சக் கூலி வேண்டும். பயமின்றிச் சங்கம் சேர்ந்து போராடும் உரிமை வேண்டும். பஞ்சாலையில் இருந்தாலும், வயலில் இருந்தாலும், கடல் கடந்து சாரத்தின் மேல் நின்றாலும் தொழிலாளிக்கு இதுவே கோரிக்கை.

கப்பலா, பலகையா என்று அவர்கள் வாதாடிக் கொண்டிருக்கட்டும். அதைத் தூக்கி நிறுத்தியவனுக்காக நாம் வாதாடுவோம்!