பால் பொங்கட்டும்!

என் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். சென்ற வாரம் எங்கள் தில்லிக் காலனிப் பால்காரர், "கறந்த சூட்டோடு 'கச்சா தூத்' கொடுங்கள், உடம்புக்கு பலம்" என்றார். என் மனைவியும் தம்ளரை எடுத்துவிட்டாள். நான் தடுத்தேன். 'சந்தேகப் பிராணி' என்ற பட்டம்தான் கிடைத்தது!

லாக்டோமீட்டர் தண்ணீர்க் கலப்பைக் காட்டும், கிருமியைக் காட்டாது. புருசெல்லா, லிஸ்டீரியா கிருமிகள் இருந்தாலும் பாலின் மணமும் ருசியும் மாறுவதில்லை. லிஸ்டீரியா ஃப்ரிட்ஜிலும் வளரும், கருவையே கலைத்துவிடக்கூடியது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கண்டுபிடிக்கச் சில நாட்கள் ஆகும். அதற்குள் பால் வயிற்றுக்குள் போயிருக்கும்!

அதற்காகச் சோதனை வீண் என்று சொல்லவில்லை. ரயில்வேயில் தண்டவாளத்தை அல்ட்ராசானிக் கருவியால் சோதிப்போம். ஆனாலும் கீமேன் தினமும் நடந்து பார்ப்பார். அதுபோல, பால் பண்ணையிலும் பனீர் தயாரிப்பிலும் சோதனை நடக்க வேண்டும். வீட்டுக்குக் கீமேன் நம் அடுப்புதான். பனீர் சூடான பாலில் செய்வதுதான். பிறகு எத்தனை கை, எந்தத் தண்ணீர் படுகிறதோ! கடையில் திறந்து வைத்து விற்பதை அப்படியே தின்னாமல், நன்றாகச் சமைத்தே சாப்பிடுவோம்.

அன்பர்களே, பால் பொங்கினால் நமக்கு மங்களம். பொங்கிய பிறகே தம்ளரை எடுங்கள்.