விலா வலிக்கு அழுங்கு ஓடு எதுக்கு?

போன மாசம் வரப்பு வழுக்கி, தொட்டி விளிம்புல விலா இடிக்க விழுந்தேன். இருமினா உயிர் போச்சு. சென்னையில இருக்கிற அண்ணன் மகன், "சித்தப்பா, இதுக்குச் சீனாவுல ஒரு கஷாயம் இருக்கு" என்றான்.

தேடிப் படித்தேன். சுமார் 800 வருஷத்துக்கு முன் லீ தோங்யுவான் என்ற வைத்தியர் சொன்னது. அடிபட்ட விலாவில் ரத்தம் கட்டி, ஓட்டம் தடைபடுவதால் வலிக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அதைக் கலைக்க ரேவல்சின்னிக் கிழங்கு, குசும்பாப் பூ எல்லாம் போட்டுக் காய்ச்சுகிறார்கள். நம்ம வைத்தியரும் 'ரத்தக்கட்டு' என்றுதானே சொல்வார்? அதுவரை சரி.

ஆனால் அந்தப் பட்டியலிலேயே எறும்புத்தின்னி ஓடும் இருக்கிறது. நாங்க அழுங்கு என்போம். ராத்திரியில் கரையான் புற்றைத் தோண்டித் தின்னும். பயந்தால் பந்தாகச் சுருளும். அதனாலேயே சுலபமாக மாட்டிக்கொள்ளும். நம்ம நாட்டு அழுங்கு ஓடும் சீனாவுக்குக் கடத்தப்படுகிறது. அது வெறும் கெரட்டின், நம்ம நகம் மாதிரிதான். 2020-ல் சீன அரசே தன் மருந்து நூலின் மூலப்பொருள் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்துட்டு, "இறுக்கிக் கட்டாதீங்க. வலி மாத்திரை போட்டுட்டு மூச்சை ஆழமா இழுத்து விடுங்க, இல்லேன்னா நெஞ்சுல சளி கட்டும். ஆறு வாரத்துல கூடிடும்" என்றார்.

தானாகக் கூடுற எலும்புக்கு ஒரு உயிரைக் கொல்லணுமா? எந்த நாட்டு மருந்தானாலும், உள்ளே என்ன இருக்குன்னு கேட்டுட்டு வாங்குங்க.