வானலை நம்முடையது, வாய்மொழி எவருடையது?



நிலத்தைப் பறித்தவனை எதிர்த்து நின்ற இனம் நம் இனம். ஆற்றுநீரை மறித்தவனோடு இன்றும் வழக்காடிக்கொண்டிருக்கும் இனமும் நம் இனமே. ஆயின், நம் தலைக்கு மேலே விரிந்து கிடக்கும் வானவெளியை அயன்மொழிக்குத் திறந்துவிட்டு, அதனைக் காதாரக் கேட்டு மகிழ்ந்துகொண்டும் இருக்கின்றோமே, இந்த இழிவை எங்குப் போய்ச் சொல்வது? தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும், பேருந்திலும் தானியிலும், அடுக்களையிலும் பட்டறையிலும் விடிந்தது முதல் நள்ளிரவு வரை பண்பலை வானொலிகள் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. பள்ளியில் ஆசிரியர் ஒரு மணிநேரம் தமிழ் சொல்லிக்கொடுக்கின்றார். பள்ளிக்கு வெளியே நம் பிள்ளைகளுக்கு ஓயாமல் மொழி சொல்லிக்கொடுப்பவை இந்தப் பண்பலைகள். அவை சொல்லிக்கொடுக்கும் மொழி எது? இதுவே நம் வினா.

முதற்கண் ஓர் அடிப்படையை நெஞ்சில் இருத்திக்கொள்ளல் வேண்டும். வானலை, எந்த முதலாளியும் விதைத்து விளைவித்த பொருள் அன்று. எந்த அரசும் தோண்டி எடுத்த புதையலும் அன்று. வானலைகள் பொதுமக்களின் உடைமை என்றும், பொதுநன்மைக்காகவே அவை பயன்படுத்தப்படல் வேண்டும் என்றும் 1995 பிப்பிரவரி 9ஆம் நாள் இந்திய உச்சநயன்மன்றமே தீர்ப்புரைத்தது. தமிழ்நாட்டு வானலைக்குரிய பொதுமக்கள் யாவர்? இம்மண்ணில் வாழும் தமிழ்மக்கள் அன்றோ? அவர்தம் உடைமையைக் குத்தகைக்கு எடுத்தவன், அவர்தம் மொழியில் பேசக் கடன்பட்டவன் ஆகானா? வயலைக் குத்தகைக்கு எடுத்தவன் அதில் நச்சுச்செடி பயிரிட்டால் உடையவன் வாளா இருப்பானா?

அவ்வுடைமையின் திறவுகோலோ தில்லியில் தொங்குகின்றது! இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், நடுவணரசுப் பட்டியலின் 31ஆம் உருப்படியாக ஒலிபரப்பு அடைக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டு வானில் எவர் ஒலிக்கலாம், எத்தனை வாட்டு ஆற்றலில் ஒலிக்கலாம், எவற்றை ஒலிக்கலாம் என்பவற்றுள் ஒன்றைக்கூடத் தமிழ்நாட்டரசு முடிவு செய்ய இயலாது. மாநில அரசுகளும் அவற்றைச் சார்ந்த நிறுவனங்களும் ஒலிபரப்பில் நேரடியாக இறங்கவே கூடாது என 2022 அக்டோபரில் நடுவணரசு அறிவுறுத்தல் விடுத்தது. நடுவணரசுக்கோ நாடெங்கும் வானொலி நிலையங்கள் உண்டு. அவற்றையும் 2023 மே திங்களில் 'ஆகாசவாணி' என்ற பெயராலேயே அழைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. 'வானொலி' என்னும் அழகிய சொல் நம் மக்கள் நாவில் ஊறிக் கிடக்க, 'ஆகாசவாணி' இங்கு எதற்கு? காற்றும் நம்முடையது, காதும் நம்முடையது. பெயர் மட்டும் வடவருடையதா?

பண்பலையின் இயல்பைச் சற்றே அறிந்துகொண்டால் பாதி உண்மை தானே விளங்கும். இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதன்முதல் தொடங்கியது நம் சென்னையிலேதான். 1977 சூலை 23ஆம் நாள். நடுவலை நிலத்தைத் தழுவிக்கொண்டு நெடுந்தொலைவு செல்ல வல்லது. பண்பலை அத்தகையதன்று. அது ஏறத்தாழக் கண்பார்வையைப் போல் நேர்கோட்டில் செல்வது. கம்பத்தின் உயரத்துக்கேற்பவே அதன் எல்லை அமையும். 100 மீட்டர் உயரக் கம்பத்திலிருந்து அதன் அடிவானம் ஏறத்தாழ 40 கி.மீ. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானல் மலையிலிருந்தோ அது 190 கி.மீ.யை நெருங்கும். 10 கிலோவாட்டு ஆற்றலில் 100.5 மெகா எர்ட்சில் ஒலித்த கோடைப் பண்பலை, மதுரை, திண்டுக்கல், திருச்சி எனப் பல மாவட்டத்து மக்களை ஒருசேர எட்டியது அம்மலையின் கொடையே!

தனியார் பண்பலைகள் மலையைத் தேடவில்லை; பணப்பெட்டியைத் தேடின. 2001 சூலையில் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை எழுந்தது. அதன்பின் தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, நெல்லை, தூத்துக்குடி என்றும், பின்னர் சேலம், ஈரோடு, வேலூர் என்றும் விளம்பரப் பணம் புழங்கும் ஊர்களிலேயே அவை காலூன்றின. கம்பத்தின் நிழலுக்கு அப்பால் வாழும் உழவனும் நெசவாளியும் அவற்றின் கணக்கில் இல்லை. ஏலத்தில் கொட்டிய பெருந்தொகையை மீட்க வேண்டும். ஆண்டுதோறும் வருவாயில் ஒரு பங்கை உரிமக் கட்டணமாகவும் செலுத்த வேண்டும். தாமே செய்தி திரட்டிச் சொல்லவோ உரிமை இல்லை. அரசு வானொலியின் செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே ஒலிக்கலாம் என்பதே 2011ஆம் ஆண்டுக் கொள்கை தந்த பெருங்கொடை! ஊர்ச் செய்தி பேச விடாமல் வாயைக் கட்டிப் பணத்தையும் கறந்தால், அவன் எதை விற்பான்? எளிதில் விலைபோகும் திரைப்பாட்டை விற்பான். ஒருவன் விற்பதையே எல்லாரும் விற்பர். முள்ளை எந்த எண்ணுக்குத் திருப்பினாலும் ஒரே பாட்டும் ஒரே கூச்சலும் கேட்பதன் கரணியம் இதுவே.

இனி, அவை சூடியுள்ள பெயர்களைப் பாருங்கள். ஒன்றற்கு 'மிர்ச்சி', மிளகாய்க்கு இந்திப் பெயர். மிளகாய் என்று சொன்னால் தமிழனுக்கு உறைக்காதா? ஒன்றற்கு 'அலோ', ஒன்றற்கு 'ரேடியோ சிட்டி', ஒன்றற்குப் 'பிக்'. அரசு நிலையங்களாவது திருந்தினவா? அவையும் 'ரெயின்போ' என்றும் 'கோல்டு' என்றும் பெயரிட்டுக்கொண்டன. வானவில்லுக்கும் பொன்னுக்கும் தமிழில் பஞ்சமா? கடல்கடந்து வாழும் நம் உறவுகளைப் பாருங்கள். சிங்கப்பூரில் தமிழ் வானொலியின் பெயர் 'ஒலி'. மலேசியாவில் 'மின்னல்'. இலங்கையில் அரசு வானொலியின் தமிழ்ப் பணிக்குத் 'தென்றல்'. சிறுபான்மையராய் வாழும் தமிழர்க்கு வாய்த்த தமிழ்ப்பெயர், ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தாய்நிலத்தில் வாய்க்கவில்லை. நாணித் தலைகுனிய இதனினும் வேறொன்று வேண்டுமா?

பெயர் கிடக்கட்டும், பேச்சைக் கேளுங்கள். 'நெக்சுட்டு ஒரு லவ்லி சாங்கு, டோண்ட் மிசு இட்டு!' இவ்வகைப் பேச்சே தமிழ் என்ற பெயரில் நம் செவியில் கொட்டப்படுகின்றது. இதில் தமிழ்ச்சொல் எத்தனை? 'ஒரு' என்பது ஒன்றே! கேட்டால், 'இது கலப்புத்தானே, கலந்தால் என்ன கெட்டுவிடும்?' என்பர். பண்பலையின் இயல்பே இதற்கு விடை சொல்லும். ஒரே அலைவெண்ணில் இரண்டு நிலையங்கள் ஒலித்தால் நடுவலையில் இரண்டும் கலந்து இரைச்சலாகவேனும் கேட்கும். பண்பலையிலோ இரண்டும் கலவா. வலியது மெலியதை விழுங்கிவிடும். மெலியது இருந்த தடமே தெரியாது. மொழியிலும் அதுவே நடக்கின்றது. 'சாங்கு' வந்தபின் 'பாட்டு' அதன் அருகில் உட்கார்ந்திருப்பதில்லை, வெளியேறிவிடுகின்றது. 'நெக்சுட்டு' வந்த வாயில் 'அடுத்து' தங்குவதில்லை. இது கலப்பன்று, விழுங்கல்! இன்று சொல்லை விழுங்குவது, நாளை தொடரை விழுங்கும். மறுநாள் மொழியையே விழுங்கும்.

இனிப் பாட்டு. தமிழனுக்குத் திரைப்பாட்டு ஒன்றுதான் இசையா? ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும், தெம்மாங்கும் கும்மியும், தாலாட்டும் ஒப்பாரியும், வில்லுப்பாட்டும் கூத்துப்பாட்டும் எங்கே போயின? ஓதுவார் பண்ணோடு பாடும் தேவாரம் எத்தனை தனியார் பண்பலைகளில் ஒலிக்கின்றது? தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டுக்கு இடங்கேட்டு 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூட்டிப் போராடியவர்கள் நம் முன்னோர். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டவர்களும் அவர்களே. அன்று மேடையில் மூடப்பட்ட கதவு இன்று வானில் மூடப்பட்டுக் கிடக்கின்றது.

'மக்கள் விரும்புவதைத் தருகின்றோம். தூயதமிழ் பேசினால் இளைஞர் கேளார்' என்று வணிகர் ஒரு பாட்டுப் பாடுவர். இப்பொய்யை உடைக்க இலங்கை வானொலி ஒன்றே போதும். அதன் தமிழ் வணிக ஒலிபரப்பு, திரைப்பாட்டை ஒலித்தது, விளம்பரமும் செய்தது. ஆயினும், மயில்வாகனனார் தொடங்கி கே.எசு. இராசா, அப்துல் அமீது எனத் தொடர்ந்த அறிவிப்பாளர்களின் திருந்திய தமிழைக் கேட்பதற்கென்றே தமிழ்நாட்டின் ஊர்தோறும் மக்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்தனர். பாட்டைவிட அறிவிப்பை நினைவில் வைத்திருப்போர் இன்றும் உளர். நல்ல தமிழ் கேட்பாரைத் துரத்தவில்லை, கடல்கடந்து ஈர்த்தது!

1952இல் பொறுப்பேற்ற நடுவணமைச்சர் கேசுகர் அரசு வானொலியில் திரைப்பாட்டை ஒடுக்க, நேயர்கள் இலங்கை வானொலிக்கு ஓடினரே, கட்டாயம் வெல்லாதே என்று சிலர் வினவலாம். அவர் மக்கள் சுவைத்ததைப் பிடுங்கினார், அதனால் தோற்றார். 1957 அக்டோபரில் 'விவித பாரதி' தொடங்கித் திரைப்பாட்டுக்கு மீண்டும் கதவு திறக்க வேண்டியதாயிற்று. நாம் எதையும் பிடுங்கச் சொல்லவில்லை. திரைப்பாட்டு இருக்கட்டும், அதனை அறிவிக்கும் வாய் தமிழ் பேசட்டும், அதன் பக்கத்தில் நம் மண்ணின் பாட்டுக்கும் இடம் கிடைக்கட்டும் என்கின்றோம்.

இது நடவாத ஒன்றா? பிரெஞ்சு நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், வானொலிகள் ஒலிக்கும் பாடல்களில் 40 விழுக்காடு பிரெஞ்சுப் பாடல்களாக இருத்தல் வேண்டும் என்று வகுத்து, 1996 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. கனடாவில் பிரெஞ்சுமொழி வானொலிகளுக்கு 65 விழுக்காடு என்று வரையறுத்தனர். உலகை ஆண்ட மொழிக்கே ஆங்கில வெள்ளத்தின் முன் வேலி வேண்டியிருந்ததெனில், ஆட்சியற்ற தமிழுக்கு வேண்டாவா? நம் நாட்டிலும் சான்று உண்டு. தமிழில் பெயர் சூட்டும் திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று 2006இல் தமிழ்நாட்டரசு அறிவித்தது. அவ்வளவே! 'சம்திங் சம்திங்' என்றிருந்த படம் 'உனக்கும் எனக்கும்' ஆயிற்று; 'எம்டன் மகன்' 'எம் மகன்' ஆனான். பணம் பேசியதும் தமிழ் வந்துவிட்டது! முடியாது என்பதெல்லாம் மனம் இல்லாமையே.

மனம் இருந்தால் எளியோராலும் முடியும் என்பதற்குச் சான்று குமுக வானொலிகள். இந்தியாவின் முதல் வளாகக் குமுக வானொலி 2004 பிப்பிரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தோன்றியது. 2016இல் பாம்பனில் மீனவர்க்கென ஒரு வானொலி எழுந்தது. அதன் பெயர் 'கடல் ஓசை'. எத்துணை இனிய பெயர்! கடலின் நிலையையும் காற்றின் போக்கையும் கடலோடியின் தமிழிலேயே சொல்லும் வானொலி அது. ஆயின், இவற்றின் ஆற்றலுக்கு 100 வாட்டு என்றும் கம்பத்துக்கு 30 மீட்டர் என்றும் எல்லை கட்டிவிட்டனர். பத்துப் பன்னிரண்டு கி.மீ.க்குள் அவ்வொலி அடங்கிவிடும். பணம் கொழுத்தவனுக்குக் கிலோவாட்டு. மக்கள் குரலுக்கு 100 வாட்டு!

2024 ஆகத்து 28ஆம் நாள், 234 ஊர்களில் 730 பண்பலைத் தடங்களை ஏலம்விட நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டு ஊர்களும் அவற்றுள் உண்டு. தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகள் பெருகும் என்று அவர்களே கரணியமும் சொன்னார்கள். சொல்லை உரிமத்தில் எழுதட்டும்! எழுதப்படாத சொல் காற்றோடு போகும். ஆகலின் நாம் கேட்பவை இவை:

1. தமிழ்நாட்டில் ஒலிக்கும் ஒவ்வொரு பண்பலையும் தமிழ்ப்பெயர் சூடல் வேண்டும். தமிழ் நிகழ்ச்சிகளில் அறிவிப்பாளர் தமிழே பேசல் வேண்டும். இவை உரிமத்திலேயே கட்டளையாக அமைதல் வேண்டும்.

2. பாட்டு நேரத்தில் நான்கில் ஒரு பங்கேனும் பண்ணிசை, நாட்டுப்புறப் பாட்டு முதலிய திரைசாராத் தமிழிசைக்கு ஒதுக்கப்படல் வேண்டும். அதுவும் நள்ளிரவில் அன்று, மக்கள் கேட்கும் பொழுதில்.

3. குமுக வானொலிகளின் ஆற்றல் வரம்பு உயர்த்தப்படல் வேண்டும். ஒன்றியந்தோறும் ஒன்றேனும் எழ வழிசெய்தல் வேண்டும்.

4. ஒலிபரப்பு உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலத்துக்கு மாற்றப்படல் வேண்டும்.

அரசு தரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பண்பலைகளின் உயிர்நாடி விளம்பரம். விளம்பரம் தருவோர் நம் ஊர்த் துணிக்கடையும் நகைக்கடையும் உணவுவிடுதியும். 'நீங்கள் விளம்பரம் தரும் வானொலி எங்கள் மொழியைக் கெடுக்கின்றது, அது திருந்தாவிடில் உங்கள் கடைப்படி ஏறோம்' என்று ஊருக்குப் பத்துப்பேர் எழுதுங்கள், நேரிலும் சொல்லுங்கள். நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்துப் பாட்டுக் கேட்கும் இளைஞர்களே, உங்கள் வாயிலிருந்து ஒரு பிறமொழிச் சொல்லும் வாராமல் பேசுங்கள். நீங்கள் 'அடுத்து ஒரு பாட்டு' என்று கேட்டால், 'நெக்சுட்டு' என்று சொல்லவந்த நா தானே தடுமாறும்.

வானம் எவர் வீட்டுக் கூரையும் அன்று. அது தமிழன் தலைக்குமேல் விரிந்த தமிழன் வானம். அங்கே தமிழ் ஒலிக்கட்டும்! ஒலிக்கச் செய்வோம்!