கைக்கேற்ற வளையல்

"உங்கள் கைக்கு அளவில்லை, அம்மா" என வளையல் கடைகளில் பெண்கள் பலர் கேட்டிருப்பர். குறை கையிலன்று, சரக்கில் என்பதே எம் கருத்து.

வளையல் அளவில் 2.4 என்பது இரண்டேகால் அங்குல உள்விட்டம். புள்ளிக்குப் பின்னுள்ள எண், அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகளைக் குறிக்கும். எனவே 2.10, 2.8ஐ விடப் பெரிது! (கணிதத் துறையினர் பொறுத்தருள்க.) கண்ணாடி வளையல் விரியாது, குவித்த கையின் அகன்ற பகுதியைக் கடந்தே மணிக்கட்டை அடையும். கருவுற்ற பெண்டிர்க்குக் கை சற்றே வீங்குதலும் உண்டு. வளைகாப்பு நாளிலும் 'அளவில்லை' என்பதோ?

வளையல் விற்பனையைச் சிறுதொழிலாகத் தொடங்க எண்ணும் எம் மாணவியர், நடு அளவுகளையே வாங்கிக் குவித்தல் வேண்டா. 2.2, 2.10, 2.12 அளவுகளிலும் சில பெட்டிகள் வாங்குக. முதல் முடங்கும் என்பர், சிறிது முடங்கும்தான். ஆயினும் அவற்றை உள்ளறையில் வையாது, முகப்பிலேயே அடுக்குக.