வைக்கோலும் களிமண்ணும் காத்த வரலாறு

போலந்தின் தென்மேற்கில், சைலீசியாவில் இருக்கிறது யாவோர் என்ற சிறு நகரம். 1945 வரை அது ஜெர்மன் ஊர், பெயர் யாவர்.

முப்பதாண்டுப் போர் 1648-இல் முடிந்தபோது, கத்தோலிக்கப் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் சைலீசியாவின் புராட்டஸ்டண்டுகளுக்கு மூன்றே மூன்று தேவாலயங்களை அனுமதித்தார். அதற்கும் ஆயிரம் நிபந்தனைகள். மதிலுக்கு வெளியே கட்ட வேண்டும். கல், செங்கல் கூடாது. மரம், களிமண், வைக்கோல் மட்டுமே. கோபுரமோ மணியோ கூடாது. ஓராண்டுக்குள் முடித்தாக வேண்டும்.

அந்த மூன்றில் ஒன்றை யாவோர் மக்கள் 1655-இல் கட்டி முடித்தார்கள். வெளியே எளிய மரச்சட்டச் சுவர். உள்ளே அடுக்கடுக்கான மாடங்களும் அவற்றில் வரிசையாக விவிலியக் காட்சி ஓவியங்களும். ஐயாயிரம் பேருக்கு மேல் கூடலாம். மணிக்கூண்டு எழுப்ப அடுத்த நூற்றாண்டில்தான் அனுமதி கிடைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். கிழக்கே சொந்த மண்ணை இழந்த போலந்துக்காரர்கள் பலர் இப்பகுதியில் குடியேறினர். வந்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். இந்தத் தேவாலயத்தை இடிந்து விழ விட்டிருந்தாலும் கேட்க ஆளில்லை. ஆனால் அது நின்றது. 2001-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

போனவர்களின் சின்னங்களை அழித்தால்தான் ஊர் நமதாகும் என்று வாதிடுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்கள் ஒருமுறை யாவோருக்குப் போய்வர வேண்டும்.